குச்சிக்கிழங்குப் பணத்தில் ஆத்தூரில் ஒரு வீடு: வங்கிக் கடனிலிருந்து பட்டா வரை

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், தலைவாசல், வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் தோட்டங்காடு வைத்திருப்பவர்கள் டவுனில் வீடு தேட ஆரம்பிப்பதற்குப் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்புதான் காரணம். அப்புறம், வயதான பெற்றோருக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கவலை. இவர்கள் பணம் இல்லாதவர்கள் அல்ல. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லோடு ஏறிய வாரத்தில் கையில் நல்ல தொகை புரளும். ஆனால் வங்கியில் போய் உட்கார்ந்ததும் "சம்பளச் சீட்டு இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பாதிப் பேர் அங்கேயே எழுந்து வந்துவிடுகிறார்கள். பிறகு கந்து வட்டிக்கு வாங்கியோ, காட்டில் ஒரு பகுதியை விற்றோ வீட்டை முடிக்கிறார்கள்.

விவசாய வருமானத்துக்கு வீட்டுக் கடன் கிடைக்காது என்பது உண்மையல்ல. கிடைக்கும். அதுவும் பத்து மாதத்துக்கு ஒரு முறை மொத்தமாக வரும் பணம், சரியாகக் கையாண்டால், மாதச் சம்பளத்தைவிடச் சீக்கிரம் கடனை அடைத்துவிடும். அந்தக் கணக்கைக் கடைசியில் போட்டுக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. வருமானத்தை வங்கிக்குப் புரிகிற காகிதமாக மாற்ற வேண்டும். வாங்கப்போகும் சொத்தின் காகிதத்தை வங்கி வக்கீலுக்கு முன்பே நாம் படித்துவிட வேண்டும்.

முதல் வேலை: வருமானத்தைக் காகிதத்தில் ஏற்றுங்கள்

வீடு பார்க்கப் போவதற்கு ஒரு வருஷம், முடிந்தால் இரண்டு வருஷம் முன்பே இதைத் தொடங்க வேண்டும். பெரிய வங்கிகளில் வீட்டுக் கடன் கோப்பு பெரும்பாலும் உங்கள் ஊர்க் கிளையில் முடிவாவதில்லை, ஒரு மையத்துக்குப் போகிறது. அங்கே கோப்பைப் புரட்டுகிறவர் உங்கள் காட்டைப் பார்த்ததில்லை. காகிதம் சொல்வதுதான் அவருக்குத் தெரியும்.

சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் லோடு இறங்கும்போது தரும் சீட்டை எடுத்துப் பாருங்கள். தேதி, வண்டி எண், மொத்த எடை, வெற்று வண்டி எடை, நிகர எடை, மாவுச்சத்து சோதித்த பாயிண்ட், விலை எல்லாம் அதில் இருக்கும். கிழங்கின் விலையே பாயிண்டைப் பொறுத்துத்தான். இவ்வளவு விவரம் உள்ள சீட்டை டிராக்டர் இருக்கைக்கு அடியில் சுருட்டி வைத்துவிடுகிறோம். ஒரு ஃபைல் போட்டு அதில் சேருங்கள். இன்னும் முக்கியம், அந்தச் சீட்டின் தொகை உங்கள் வங்கிக் கணக்கில் வரவாக இருக்க வேண்டும். புரோக்கர் ரொக்கமாகத் தந்தால் கணக்கில் போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால், நீங்களாவது அதே வாரத்தில் கணக்கில் கட்டுங்கள். சீட்டின் தேதியும் வரவின் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதற்கு மதிப்பே வேறு.

மஞ்சள், பருத்தி போடுகிறவர்களுக்கு இது எளிது. கொங்கணாபுரம் பருத்தி ஏலம் போலக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் விற்றால் பில் முறையாக வரும். தலைவாசல் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோகிறவர்கள் மண்டி பில்லையும், பனமரத்துப்பட்டி பக்கம் அரளி பறிக்கிறவர்கள் பூ வியாபாரியின் கணக்கு நோட்டையும் விடாமல் வாங்கி வைக்க வேண்டும். இதில் பலர் கவனிக்காமல் விடுவது பால் பணம். தொகை சிறியதுதான். ஆனால் சங்கத்திலிருந்து தவறாமல் கணக்குக்கு வருகிறது. மாதத் தவணை கட்ட ஒழுங்கான வரவு உண்டு என்பதற்கு இரண்டு கறவை மாட்டின் பால் பாஸ்புத்தகம் நல்ல சாட்சி.

இதோடு சேர வேண்டியவை: நிலத்தின் பட்டா, எந்தக் காட்டில் என்ன பயிர் என்று காட்டும், வி.ஏ.ஓ. தரும் அடங்கல் நகல், இ-சேவையில் விண்ணப்பித்துப் பெறும் வருமானச் சான்று. அடங்கலை வாங்கிக்கொண்டு அப்படியே மடித்து வைக்காதீர்கள். கிழங்கு போட்ட காட்டில் சோளம் என்றும், சில இடத்தில் தரிசு என்றும் எழுதியிருப்பதுண்டு. முன்பே பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, அதனால் வருமான வரி ரிட்டர்ன் தேவையில்லை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வரி இல்லை என்பது சரி. ஆனால் இரண்டு, மூன்று வருஷ ரிட்டர்ன் கையில் இருந்தால் கோப்பு பாதி தூரம் போய்விடும். 5,000 ரூபாய்க்கு மேல் விவசாய வருமானம் இருந்தால் ஐ.டி.ஆர்-1 படிவம் ஒத்துவராது. வியாபாரம் எதுவும் இல்லாதவர்கள் ஐ.டி.ஆர்-2 போட வேண்டும். ஆடிட்டரிடம் இதைச் சொல்லியே கொடுங்கள்.

நிலம் அப்பா பெயரில், உழுவது மகன். இது நம் பக்கம் வீட்டுக்கு வீடு உள்ள கதை. மகன் மட்டும் விண்ணப்பித்தால் அந்த வருமானம் அவருடையது என்று காட்ட வழியில்லை. அப்பாவையும் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்க வேண்டும். அப்பாவின் வயது அதிகம் என்றால் தவணைக் காலத்தைக் குறைக்கச் சொல்வார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். மனைவி வேலைக்குப் போகிறவர் என்றாலோ தையல், கடை என்று கணக்கில் வரவு உள்ளவர் என்றாலோ அவரையும் சேருங்கள். பெண்கள் பெயரில் கடன் என்றால் சில வங்கிகள் வட்டியில் சிறிது குறைக்கின்றன.

சிபில், ஜாமீன், நகைக்கடன்

பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்பதைக் காட்டும் சிபில் மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. 750-க்கு மேல் இருந்தால் பேச்சு சுலபம். வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக எடுக்கலாம், எடுத்துப் பாருங்கள். விவசாயிகளின் அறிக்கையில் அடிபடும் இடங்கள் இரண்டு. ஒன்று, வருஷம் முடிந்தும் திருப்பி வைக்காமல் விட்ட நகைக்கடன். இன்னொன்று, பங்காளியின் டிராக்டர் கடனுக்கு முகதாட்சண்யத்துக்காகப் போட்ட ஜாமீன். அவர் தவணை தவறினால் அது உங்கள் பெயரிலும் ஏறும்.

கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் பக்கத்து வங்கிகளிலும் நிலுவையில்லாச் சான்று வாங்கிவரச் சொல்வார்கள். பயிர்க்கடனைத் தேதி தவறாமல் கட்டிப் புதுப்பித்து வைத்திருந்தால் அதுவே நல்ல பெயர். ஒன்று மட்டும் வேண்டாம்: கே.சி.சி. (கிசான் கிரெடிட் கார்டு) பயிர்க்கடனை எடுத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது. அடுத்த பட்டத்துக்கு விதைக்கரணை (நடவுக்கான தண்டு) வாங்கக் கையில் பணம் இருக்காது.

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் தரலாம். 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இதைக் கேட்டதும் 30 லட்சம் வீட்டுக்கு 3 லட்சம் இருந்தால் போதும் என்று தோன்றும். போதாது.

ஆத்தூரில் பதினைந்து வருஷம் பழைய வீடு ஒன்று, விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் மண்ணுக்கு ஒரு மதிப்பும் தேய்மானம் கழித்துக் கட்டடத்துக்கு ஒரு மதிப்பும் போட்டு 26 லட்சம் என்று எழுதுகிறார். கடன் இந்த 26-க்குத்தான். 90 சதவீதம் என்றால் 23 லட்சத்து 40 ஆயிரம். வீட்டுக்காரருக்கே உங்கள் கையிலிருந்து 6 லட்சத்து 60 ஆயிரம் தர வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 30 லட்சத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். இந்தச் செலவைப் பொதுவாகக் கடனில் சேர்க்க முடியாது. வக்கீல் கருத்து, மதிப்பீடு, செயலாக்கக் கட்டணம், பத்திரம் எழுதும் கூலி, வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் அடமானப் பத்திரத்துக்கான தீர்வை எல்லாம் சேர்த்தால் 10 லட்சத்தை நெருங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு கையில் இல்லாமல் பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்பது என் கணக்கு.

பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம் என்று விற்பவர் சொல்வார். பத்திரத்தில் 14 லட்சம், மீதி கையில். அப்படி எழுதினால் வங்கியும் 14 லட்சத்தை வைத்துத்தான் கடன் தரும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. அதற்குச் சமமான தொகை அபராதமாக வரலாம். நாளைக்கு நீங்கள் விற்கும்போது குறைத்துக் காட்டிய தொகை முழுக்க உங்கள் லாபமாகக் கணக்கில் நிற்கும். தீர்வையில் மிச்சமாகும் பணத்துக்காக இத்தனையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். இது 2025 ஏப்ரலில் வந்த சலுகை. சின்ன மனை வாங்குகிறவர்களுக்கு உதவும்.

முன்பணத்துக்குக் காட்டில் கொஞ்சம் விற்பதாக இருந்தால், நிலம் எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. எது கிராமப்புறம் என்பதற்குத் தூரக் கணக்கு உண்டு. ஒரு லட்சத்துக்கு உட்பட்ட மக்கள்தொகை உள்ள ஆத்தூர் போன்ற நகராட்சி என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். ஒரு லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடைப்பட்ட சேலம் மாநகராட்சி என்றால் 6 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு உள்ளே இருந்தால் வரி வரும். அதற்கும் அந்தப் பணத்தில் வீடு வாங்கினால் விலக்குப் பெற வழி உண்டு, விற்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

மானியம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால், முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம். மொத்தத்தில் அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஐந்து வருஷத் தவணையாகக் கணக்கில் வரும். ஆனால் குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் கல் வீடு இருக்கக் கூடாது. தோட்டத்தில் ஒரு தார்சு வீடு உங்கள் பெயரில் இருந்தால் இந்த மானியத்தை மறந்துவிடலாம்.

எந்த வங்கிக்குப் போவது

பயிர்க்கடன் வைத்திருக்கும் கிளைக்கே முதலில் போங்கள், உங்கள் பத்து வருஷ வரவு செலவு அங்கே இருக்கிறது. பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019 ஏப்ரலில் இணைந்து உருவான தமிழ்நாடு கிராம வங்கிக்குத் தலைமையகமே சேலம்தான். மரவள்ளி என்றால் என்ன என்று அங்கே விளக்க வேண்டியதில்லை. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியையும் விசாரியுங்கள். வீட்டு வசதி நிதி நிறுவனங்கள் காகிதம் குறைவாகக் கேட்கும், சீக்கிரம் தரும், ஆனால் பெரும்பாலும் வட்டி கூடுதல். எல்லா வழியும் அடைபட்டால் மட்டும் போகலாம்.

இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். விவசாயிக்கு மூன்று மாதம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவணை கட்டும் வசதி உண்டா? கையில் உள்ள பணத்தைப் போட்டு வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் உண்டா? கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

சொத்தின் காகிதம்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. வங்கி வக்கீல் பார்ப்பார்தான். ஆனால் அவர் பார்ப்பது நீங்கள் அட்வான்ஸ் கொடுத்த பிறகு.

சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். 30 வருஷத்துக்குப் போடுங்கள். ஒவ்வொரு கிரயமும் அடுத்ததோடு சங்கிலியாகச் சேர்கிறதா, அடமானம் போட்ட இடத்தில் பின்னால் கடன் அடைத்த ரசீது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கத்தில் தெரியாதவையும் உண்டு: பதியாத உயில், கோர்ட் வழக்கு, வாய்மொழி ஒப்பந்தம். தெருவில் நாலு பேரிடம் விசாரித்தால்தான் அவை தெரியும். டீக்கடை விசாரணையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

தாய்ப்பத்திரம், அதாவது சொத்தின் முந்தைய மூலப் பத்திரம், அசலைப் பார்க்க வேண்டும். நகல்தான் இருக்கிறது என்றால், அசல் எந்த வங்கியில் இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் (ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர்) கணக்கில் இருக்கும். பத்திரத்தில் சதுர அடி அல்லது சென்ட். இரண்டையும் ஒப்பிடாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு பட்டாவில் 0.01.50 என்று இருந்தால் அது 150 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,614 சதுர அடி. பத்திரத்தில் 1,800 சதுர அடி என்று இருந்தால், அந்த 186 சதுர அடி தெருவிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கிறது. வங்கி குறைந்த அளவைத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்களும் அதற்குத்தான் விலை பேச வேண்டும். சென்ட் என்றால் 435.6 சதுர அடி, இதை மனப்பாடமாக வைத்திருங்கள்.

ஆத்தூர், சேலம் போன்ற நகரங்களில் நகர நில அளவை நடந்த இடங்களில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று புது எண்கள் வந்துவிட்டன. பத்திரத்தில் பழைய சர்வே எண் மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான் என்பதற்கான ஒப்புமை விவரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சர்வேயரை வைத்துக் கல் போட்டு அளந்து பார்ப்பதற்கு ஆகும் செலவு இந்த மொத்தத்தில் ஒன்றுமே இல்லை.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க" என்று புரோக்கர் சொன்னால், அப்படி ஒன்று மனைப்பிரிவுக்குச் செல்லாது என்று தெரிந்துகொள்ளுங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டி.டி.சி.பி., அல்லது உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லா மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன் பிறகு வந்த விதியில் 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் வரன்முறைப்படுத்த வழி விட்டார்கள். அந்தத் தேதிக்கு முன்னான பத்திரம் இருக்கிறதா, வரன்முறை உத்தரவு வாங்கியாயிற்றா என்று பாருங்கள். உத்தரவு இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம், கட்டட அனுமதியும் வராது. புது மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் கேளுங்கள்.

பூர்வீகச் சொத்து என்றால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "பொண்ணுங்களுக்குத்தான் சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சே" என்பது சட்டத்தில் நிற்காது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பங்குரிமைச் சட்டம் வந்தது, 2005-ல் நாடு முழுவதும். 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகள்கள் பங்கை விட்டுக்கொடுத்திருந்தால் பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி. பவர் (விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று பாருங்கள்.

வருவாய்த்துறையின் நிலக் கணக்கான ஏ-பதிவேட்டை எடுத்து நிலத்தின் வகையைப் பாருங்கள். புறம்போக்கு, கோயில் நிலம், பஞ்சமி நிலம், நிபந்தனைப் பட்டா என்று எந்தக் குறிப்பு இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் தடம். தோட்டத்தை உடைத்துப் போட்ட மனைகளில் வண்டித்தடம் யார் நிலத்தில் போகிறது என்று புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) பாருங்கள். மாமூல் தடம் என்று வாயால் சொல்வது போதாது, பத்திரத்தில் அடி அளவோடு எழுதியிருக்க வேண்டும். ஏரி உள்வாயிலும் வசிஷ்ட நதிக் கரையிலும் உள்ள மனைகளை ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள். சித்திரையில் எல்லா மனையும் மேடுதான். சாலைத் திட்டத்துக்கான நிலமெடுப்பு அறிவிப்பு ஏதும் உண்டா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2018-ல் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்குக் கல் நட்ட ஊர்களில் இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

ஏற்காட்டில் ஒரு வீடு என்ற ஆசை இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. அது மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட பகுதி. மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் கீழே கேட்கும் அனுமதியோடு கூடுதல் அனுமதிகள் வேண்டும். காப்பித் தோட்டத்தைத் துண்டு போட்டு "வீட்டு மனை" என்று விற்பதை நம்பிக் கீழ்நாட்டு வங்கிக் கடனை எதிர்பார்த்துப் போகாதீர்கள். முதல் வீடு மலைக்குக் கீழேயே இருக்கட்டும்.

அட்வான்ஸும் அக்ரிமென்டும்

காகிதம் ஒத்துவந்தால் கிரய ஒப்பந்தம் போடுங்கள். 2012-லிருந்து தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத்தாளில், இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி முடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. முன்பணம் வங்கி வழியாகப் போகட்டும். கிரயத்தை முடிக்க மூன்று மாதமாவது வாய்தா கேளுங்கள், விவசாயி கோப்பு சம்பளக்காரர் கோப்பைவிட மெதுவாகத்தான் நகரும். "சொத்தின் காகிதக் குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்ற வரியை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். விற்பவர் முகம் சுளித்தால், அந்தக் காகிதத்தை இன்னொரு முறை பாருங்கள்.

கடன் அனுமதி

மனு கொடுத்த பிறகு வக்கீல் கருத்தும் மதிப்பீடும் நடக்கும். அனுமதிக் கடிதத்தோடு கே.எஃப்.எஸ். என்ற விவரத்தாள் தர வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட இந்த ஒரு எண் போதும், வாசலில் ஒட்டியிருக்கும் வட்டியை நம்ப வேண்டாம்.

கடனோடு ஒரு காப்பீட்டை ஒட்டித் தருவார்கள். ஒரே தடவைப் பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிடுவதால் அதற்கும் இருபது வருஷம் வட்டி கட்டுவீர்கள். வங்கி விற்கும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கடன் அளவுக்குத் தனியாக ஒரு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்தால் பெரும்பாலும் மலிவு. எடுக்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்றும் சொல்வார்கள். விவசாய வருமானம் மட்டும் உள்ளவருக்கு வரியே இல்லை, சலுகையை வைத்து என்ன செய்வது?

பதிவு நாளும் பட்டாவும்

பத்திர வரைவை முந்தின நாளே வாங்கிப் படியுங்கள். பெயர் ஆதாரில் உள்ளபடியே, சர்வே எண், செக்குபந்தி (எல்லை) நான்கு பக்கமும், பரப்பு, தடம். இவற்றில் ஒரு எழுத்துப் பிழைக்குப் பிழைதிருத்தல் பத்திரம் போட விற்றவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும். தீர்வையை இணையத்தில் கட்டி டோக்கன் எடுத்துவிடலாம். வங்கிக்காரர் டி.டி.யோடு வருவார். கிரயம் பதிந்த கையோடு, அசல் பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவண ஒப்படைப்பு அடமானமும் பதிவாகும். முத்திரைத் தீர்வை கடன் தொகையில் அரை சதவீதம். 20 லட்சத்துக்கு 10,000, பதிவுக் கட்டணம் தனி.

பட்டா விற்பவர் பெயரிலேயே தனிப்பட்டாவாக இருந்து, முழு இடத்தையும் நீங்கள் வாங்கினால், பதிவோடு தானாகவே மாறிவிடும் ஏற்பாடு இருக்கிறது. கூட்டுப்பட்டா அல்லது ஒரு பகுதி மட்டும் என்றால் உட்பிரிவு செய்ய வேண்டும். சர்வேயர் வந்து அளக்கும் வரை விடாமல் தொடருங்கள். சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு மூன்றையும் அதே மாதத்தில் பெயர் மாற்றிவிடுங்கள்.

தவணையும் அறுவடைப் பணமும்

20 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 20 வருஷத்துக்கு மாதம் சுமார் 17,360 ரூபாய், மொத்த வட்டி 21 லட்சத்து 65 ஆயிரம். 15 வருஷம் என்றால் மாதம் சுமார் 19,700, வட்டி 15 லட்சத்து 45 ஆயிரம். சம்பளக்காரருக்கு 15 வருஷம்தான் நல்லது என்பேன். விவசாயிக்கு நான் சொல்வது 20 வருஷம். மழை பொய்த்த வருஷத்திலும் கட்டக்கூடிய சின்னத் தவணையாக இருக்கட்டும். பால் பணம் பாதித் தவணைக்காவது வர வேண்டும். நல்ல வருஷத்தில் அசலில் போடுங்கள்.

முதல் வருஷம் முடிந்ததும் கிழங்குப் பணத்தில் 1 லட்சத்தை அசலில் கட்டுகிறீர்கள். தவணைத் தொகை மாறாமல் இருந்தால், கடைசியில் 26 மாதத் தவணை குறையும். 26 தவணை என்பது நாலரை லட்சம் ரூபாய். இப்படி மூன்று நாலு அறுவடைக்குப் போட்டால் 20 வருஷக் கடன் 15 வருஷத்துக்குள் வந்துவிடும். மாறும் வட்டிக் கடனில் தனிநபரிடம் முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி அபராதம் வாங்கக் கூடாது. கட்டும்போது "தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். கணினி சில இடத்தில் தானாகவே தொகையைக் குறைத்துவிடும்.

முழுவதையும் அசலில் கொட்டிவிடாதீர்கள். நாலு மாதத் தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, உழவுக்கும் கரணைக்கும் எடுத்து வைத்து, மீதியைக் கட்டுங்கள். ஓவர்டிராஃப்ட் வகைக் கடன் கிடைத்திருந்தால் இந்தக் கவலையும் இல்லை. பணம் உள்ளே இருக்கும் நாட்களுக்கு வட்டி குறையும், நடவு நேரத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வட்டி கால் சதவீதம் கூடுதலாக இருந்தாலும் அறுவடைப் பணக்காரருக்கு இது ஏற்றது.

ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு இணைந்த கடன் என்பதால் வட்டி ஏறும், இறங்கும். ஏறும்போது வங்கி சத்தமில்லாமல் காலத்தை நீட்டிவிடும். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களிடம் கேட்க வேண்டும் என்பது 2023-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. வருஷத்துக்கு ஒரு முறை கணக்கு அறிக்கை வாங்கி, மீதி எத்தனை தவணை என்ற எண்ணைப் பாருங்கள்.

கடன் முடிந்ததும் நிலுவையில்லாச் சான்று மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. வாங்கும்போது, முதலில் கொடுத்த பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அப்புறம் வங்கி அதிகாரியோடு சார்பதிவாளர் அலுவலகம் போய் அடமானத்துக்கு ரசீதுப் பத்திரம் பதிய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கடன் அடைத்த பின்னும் வில்லங்கத்தில் அடமானம் நின்றுகொண்டே இருக்கும். ஒரு வாரம் கழித்து இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, ரசீது பதிவான எண் வந்திருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.